நாலடிக் கட்டில்

என் தங்கை போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் சின்ன அறை காலியாக இருக்கிறதா என்று. காலிதான் என்றேன். சரிண்ணா என்று வைத்துவிட்டாள்.

அன்று எனக்கு வார விடுமுறை. குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். போனைச் சட்டைப் பையில் போட்ட பிறகும் ஈரக் கையோடு அப்படியே நின்றிருக்கிறேன். பக்கெட் நிறைந்து தண்ணீர் காலில் ஓடியது. என் மனைவி வந்து குழாயை மூடிவிட்டு, பேயறைந்த மாதிரி ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகமும் வெளிறிப் போனது. காலியா என்று கேட்டாளா, வரட்டுமா என்று கேட்டாளா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். காலியா என்றுதான் கேட்டாள். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

என் தங்கையின் கணவர் குடிக்க மாட்டார். பீடி, சிகரெட் கிடையாது. கத்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை செய்கிறார். நானும் அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியில் ஸ்டோரில் இருக்கிறேன். இருவருக்கும் ஒரே நிறுத்தம்தான். எங்கள் ஊர் கூட்டு ரோட்டில் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்து, "சாப்ட்டீங்களா மச்சான்?" என்று கேட்பார். ஒரு நாளும் கேட்காமல் இருந்ததில்லை. இப்போதும் எனக்கு அவரை "அவன்" என்று எழுதக் கை வரவில்லை. என் மனைவிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

போன தீபாவளிக்குத் தங்கை வந்திருந்தபோது என் மனைவிதான் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்த்து முடித்து வெளியே வந்த என் மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவர்கள் கிளம்பிப் போன பிறகு, தங்கையின் உடம்பில் பார்த்ததை என்னிடம் சொன்னாள். நான் முழுவதும் கேட்கவில்லை. கேட்ட வரைக்கும் இங்கே எழுத எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு தங்கையால் தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. கேட்டால் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பாள். அவள் போனை அவர் தினமும் வாங்கிப் பார்ப்பார் என்பதால், அவர் கம்பெனிக்குள் இருக்கும் நேரத்தில்தான் எங்களுக்குப் பேசுவாள். பேசிவிட்டு அழித்துவிடுவாள்.

சின்ன அறைக்கு கெஸ்ட் ரூம் என்று பேர் வைத்தவன் ஓசூரில் வேலையில் இருக்கும் என் மகன். கேலிக்கு வைத்த பேர். கெஸ்ட் என்று யாரும் அதில் தங்கியதில்லை. முன்பு தெற்கத்திப் பையன்கள் இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். இருவருக்கும் ஒரே பாய்தான். ஒருவன் ஷிப்டுக்கு எழுந்து போவான், இன்னொருவன் ஷிப்ட் முடிந்து வந்து அந்தச் சூட்டிலேயே படுத்துக்கொள்வான். கான்ட்ராக்ட் முடிந்து அவர்கள் போன பிறகு வெங்காயக் கூடையும் பழைய மிக்ஸியும்தான் அங்கே குடியிருந்தன.

தங்கை பேசிய மறுநாள் என் மனைவி அதையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு அறையைக் கழுவினாள். தங்கையால் பாயில் படுத்து எழ முடியாது, கட்டில் வேண்டும் என்றாள். நான் மூன்றடிக் கட்டில் ஒன்று பார்க்கிறேன் என்றேன். அவள் நாலடி என்றாள். குழந்தை எங்கே படுக்கும் என்று கேட்டாள். தங்கைக்கு ஒரு பெண், மூன்றாம் வகுப்பு.

ஸ்டோரிலிருந்து டேப் கொண்டுவந்து, தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டிலும் போட்டேன். மூன்றடிக் கட்டில் சுவரோரம் அடக்கமாக இருந்தது. நாலடிக் கட்டில் போட்டால் கதவு பாதி திறந்ததும் கட்டில் காலில் இடித்து நின்றுவிடும். ஆள் உடம்பைத் திருப்பித்தான் உள்ளே போக வேண்டும். அதைச் சொன்னேன். என் மனைவி சாக்பீஸ் கட்டத்துக்குள் மல்லாந்து படுத்து, ஒரு கையை நீட்டி, குழந்தை இங்கே என்று காட்டினாள். எழுந்தபோது அவள் முதுகெல்லாம் வெள்ளைக் கோடு.

எனக்குப் பயம் கதவைப் பற்றி இல்லை. மூன்றடிக் கட்டில் என்றால் ஒருத்தி நாலு நாள் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாலடிக் கட்டில் என்றால் அவள் குழந்தையோடு வந்துவிட்டாள், இனி போக மாட்டாள். யார் பார்த்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். அவரும் அப்படித்தான் படிப்பார். அவள் அந்த வீட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் ஸ்டோரில் பெட்டி அடுக்கும்போதும், சாப்பிடும்போதும், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"புதுசு எதுக்கு?" என்றாள் என் மனைவி. "அவ கல்யாணத்துக்கு நாம குடுத்த கட்டிலு அங்கதான கீது. தேக்கு. போயி தூக்கினு வாங்க."

சும்மா சொன்னாள். அவளுக்கும் தெரியும். எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த கட்டிலும் பீரோவும் வண்டி ஏறித் திரும்பி வந்தால், யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. தெருவுக்கே விஷயம் புரிந்துவிடும். அதைத் தூக்கப் போனால் அவர் வாசலில் நின்று, சாப்ட்டீங்களா மச்சான் என்று கேட்டுக்கொண்டே கதவைச் சாத்திவிடுவார். புதுக் கட்டில்தான் வழி. அதுவும் சத்தமில்லாமல்.

அந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட் என்று கணக்குப் போட்டு, ஒரு நாள் லீவு எடுத்து, ஸ்ரீபெரும்புதூருக்குப் போனேன். அவர் உள்ளே இருக்கும்போதே கட்டில் வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

எனக்குக் கடைக்குப் போய்ப் பேசுவது சின்ன வயதிலிருந்தே வராது. காய்கறிகூட என் மனைவிதான் வாங்குவாள். அன்று அவளும் வந்திருக்கலாம். தங்கையிடமிருந்து போன் வந்தால் எடுக்க ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கடைக்காரர் என்னைவிடச் சின்னவர். உள்ளே நுழைந்ததும், "கல்யாணமா, கிரகப்பிரவேசமாண்ணே?" என்று கேட்டார். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கல்யாணம் என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இரும்புக் கட்டில் காட்டினார். திரும்பிப் படுத்தால் கிறீச்சென்றது. தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் என் தங்கை எழுந்து உட்கார்ந்துகொள்வாள் என்று வேண்டாம் என்றேன். தலைமாட்டில் கண்ணாடி பதித்தது ஒன்று காட்டினார். அதுவும் வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு மரக் கட்டிலிலும் உட்கார்ந்து, கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்து பார்த்தேன். சிலது தாழ்வு, எழும்போது தொடை நடுங்கியது. சிலதில் கால் தரையில் படவில்லை.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணப் பொண்ணுக்கு இடுப்பு வலியாண்ணே?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். கடைசியாக ஒரு ரப்பர் மரக் கட்டில், நாலடி, உயரம் என் முழங்காலுக்குச் சரியாக வந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன். வலிக்கிற உடம்புக்கும் இது போதும் என்று தோன்றியது. இதுதான் என்றேன்.

பில் போட்டு முடித்து வெளியே வந்தபோது குட்டி லாரியில் கட்டிலை ஏற்றியிருந்தார்கள். கடைக்காரரின் மனைவி கட்டிலின் நாலு காலுக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். தலைமாட்டுப் பலகையில் இரண்டு முழம் கதம்பம் சுற்றியிருந்தது. ரோஜாப் படம் போட்ட ஜோடித் தலையணை மெத்தை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சீர்க் கட்டிலை வெறுமனே அனுப்பக் கூடாதாம். எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் என் கையில் வெற்றிலைப் பாக்கு வைத்து, பொண்ணு நல்லா இருக்கட்டும் என்றார். வாயை மூடிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினேன்.

டிரைவருக்கு உற்சாகம். சீர் வண்டி என்றால் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அவர் கட்சி. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்த முகம் ஒன்று கை தூக்கியது. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. வண்டி நகரவில்லை. தலையைத் தூக்கினேன். நிறுத்தத்தில் சீருடைக்காரர்கள் நடுவில் அவர் நின்றார்.

யாரோ லீவு போட்டதால் அவரை இரண்டாவது ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலையிலிருந்து அவர் வீட்டிலேயே இருந்ததால் தங்கையால் பேச முடியவில்லை. அவர் வண்டியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக நடந்து என் ஜன்னலுக்கு வந்தார்.

"சாப்ட்டீங்களா மச்சான்?"

தலையாட்டினேன்.

"இன்னா விசேஷம்? சொல்லவே இல்ல."

எனக்கு முன்னால் டிரைவர் முந்திக்கொண்டார். "கல்யாணக் கட்டிலு சார். சாருக்கு ரெண்டு தலகாணி ஃப்ரீயா வேற குடுத்துட்டாங்க."

"யாருக்குக் கல்யாணம்?"

"பையனுக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். "பையன் வூட்ல யாரு மச்சான் கட்டில் வாங்குவாங்க? பொண்ணு வூட்லேந்துதான வரும்."

எனக்கு மகள் இல்லை. நான் கட்டில் கொடுக்க வேண்டிய பெண் ஒருத்திதான், அவளுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இதை அவர் கணக்குப் போட்டு முடிக்கும் வரைக்கும் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறவில்லை. வண்டியின் பின்பக்கம் போய், மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"நாலடி" என்றார். "ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம்."

அவருடைய பஸ் ஹாரன் அடித்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டார். "வரேன் மச்சான். நைட்டு வூட்டுக்குப் போயி ஒங்க தங்கச்சிகிட்டயே கேட்டுக்கறேன்."

பஸ் போய்விட்டது. மனைவிக்குப் போன் போட்டு, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"அவன் உள்ள போனா போன லாக்கர்ல வச்சிடுவான்" என்றாள். "நைட்டு அவன் வர்றப்ப அவ அந்த வூட்ல இருக்கக் கூடாது. வண்டிய அப்பிடியே திருப்புங்க. நான் அவளுக்குப் பேசறேன்."

டிரைவரிடம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகருக்குப் போக வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சீர் வண்டி வந்த வழியே திரும்பக் கூடாது, ராசியில்லை, முதலில் இறக்கிவிட்டு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்.

"பொண்ணே அந்தாண்டதான் கீதுப்பா" என்றேன். "பொண்ணு இல்லாம கட்டில எங்க எறக்குறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். அதற்குப் பிறகு ஹாரன் அடிக்கவில்லை.

வழியில் எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் அவரைத் தேடினேன். வயிற்று வலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டால்? பாதி வழியிலேயே ஷேர் ஆட்டோ பிடித்திருந்தால்? முன்னால் போன ஒரு ஆட்டோவில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். அது வேறு பக்கம் திரும்பும் வரைக்கும் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

தங்கை குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்கார அம்மாள். தங்கை எங்கே போகிறாள், யார் வருகிறார்கள் என்று அந்த அம்மாள் அவருக்குச் சொல்லிவிடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். பல வருஷம் அண்ணன் வீட்டிலிருந்து எதுவும் வராத பெண்ணுக்குப் பூச்சுற்றிய கட்டில் வந்து நின்றதும் அந்த அம்மாளின் முகமே மலர்ந்துவிட்டது.

"அண்ணன் வூட்டு சீரா?" என்று கேட்டார். "பரவால்லயே. இத்தினி வருஷம் கழிச்சி."

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தாள். கையில் ஒரு துணிப்பை மட்டும், அதன் மேல் குழந்தையின் தண்ணீர் பாட்டில். கட்டிலைப் பார்த்தாள். ஜோடித் தலையணையைப் பார்த்தாள். என்னை அவள் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இருவருமே அங்கேயே அழுது உட்கார்ந்திருப்போம்.

"ஆமாக்கா" என்றாள். "கொழந்தய ஸ்கூல்லேந்து இட்டுனு வந்துடறேன்."

"நீ போம்மா. கட்டில எறக்கி வச்சிட்டுப் போவட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார் அந்த அம்மாள். சொல்லிக்கொண்டே வண்டியின் பின்கதவில் கை வைத்தார்.

டிரைவர் இறங்கி வந்தார்.

"இன்னாக்கா நீங்க, பெரியவங்களா இருந்துகினு" என்றார். "சீர்க் கட்டில பொண்ணு இல்லாத நேரத்துல எறக்குனா ராசியா? புள்ளயோட வந்து மொதல்ல அவங்க தொடணும்."

அந்த அம்மாள் சட்டென்று கையை எடுத்துவிட்டார். தப்புதான், தப்புதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தங்கை ஏறினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறியதால் நேரமானது. பள்ளிக்கூட வாசலில் குழந்தையை வாங்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டோம். யார் கட்டில் மாமா என்று குழந்தை கேட்டது. நான் அதன் அம்மாவைப் பார்த்தேன். "நம்மளுது" என்றாள் அவள்.

வீட்டில் டிரைவரே போல்ட் முடுக்கி, கட்டிலைச் சின்ன அறையில் சேர்த்துக் கொடுத்தார். நான் சாக்பீஸில் போட்டது பொய்யில்லை. கதவு பாதியில் டொக் என்று இடித்து நின்றது. எனக்கு அவமானமாக இருந்தது. தங்கையிடம், நாளைக்கே மூன்றடிக்கு மாற்றித் தருகிறேன், இல்லாவிட்டால் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துவிடலாம் என்று சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், கையை ஊன்றாமல் எழுந்தாள். கதவிடம் போய் அதை இரண்டு முறை திறந்து இடித்துப் பார்த்தாள்.

"வேணாம்ணா" என்றாள். "இப்பிடியே இருக்கட்டும். பூரா தொறக்காத கதவுதான் நல்லது."

அன்று சாயங்காலமே என் மனைவி அவளை மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். மறுநாள் அவரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். கை கட்டி நின்று எல்லாவற்றுக்கும் சரிங்க மேடம் என்றாராம். வழக்கு இன்னும் நடக்கிறது. எங்கள் வீட்டு வாசலுக்கு அவர் வரவே இல்லை. வந்து கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. வராமல் இருப்பவர் எப்போது வருவார் என்று தெரியாதே. தெருவில் பைக் வேகம் குறைந்தால் நான்கு பேரும் பேச்சை நிறுத்துகிறோம். குழந்தைகூட.

ஒரு நாள் லீவு நாலு நாளாகி, நான் வேலைக்குப் போன காலையில் நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் நாளைக்கும் போக வேண்டும். எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அவர் பக்கத்தில் வந்தார். சாப்ட்டீங்களா என்று அன்று கேட்கவில்லை.

"கட்டிலுக்கு ரூமு பத்துச்சா மச்சான்?" என்றார்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிலர் எங்களைப் பார்த்தார்கள். தலையாட்டினால் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்டவரின் கையைப் பார்த்தேன். அன்று மெத்தையை அழுத்திப் பார்த்த கை.

"பத்துச்சு மாப்ள" என்றேன். "கதவுதான் பூரா தொறக்காது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் வைத்த டிபன் டப்பாவின் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. பஸ் ஆடுகிறது என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் டப்பாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரகடம் வரும் வரைக்கும் அது சத்தமில்லாமல் இருந்தது.